கடல் காட்டும் படலம்

கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர். வாடைக் காற்றும் அடைமழையும் கூடிய இப்பருவத்தில் அரசன் பாசறையிலும் ஏனையோர் வீட்டுக்குள்ளும் இருந்தனர் என்பதே சங்கப் பாடல்கள் தரும் செய்தி. இந்த ஏற்பாட்டில் குறை கண்டவர்கள் இக்கால நகரவாசிகள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற வாரம் பார்த்து, தீபாவளியையொட்டி நான்கு நாள் விடுப்பைத் திரட்டிக்கொண்டு, அம்மழை முதலில் கரையேறும் இடத்திற்கே சென்று தங்கும் வழக்கம் இவர்களிடையே வேரூன்றியுள்ளது. காரணம் கேட்டால் 'அமைதி' என்ற ஒற்றைச் சொல் கிடைக்கும். அமைதியைத் தேடி இவ்வளவு தொலைவு செல்வோர் அதை நேரில் கண்டதும் ஏன் அஞ்சுகின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடை இறுதியில் தரப்படும்.

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி இங்கு ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது. தரங்கம் என்றால் அலை, ஆகவே இது 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் சலிக்காமல் எழுதுகின்றன. பாடி என்பது குடியிருப்பைக் குறித்து ஊர்ப்பெயரின் இறுதியில் வரும் சொல் என்பதும், வாணியம்பாடியில் வாணியர் பாடுவதாகவோ காட்பாடியில் காடு பாடுவதாகவோ இதுவரை எவரும் விளம்பரம் செய்ததில்லை என்பதும் அவற்றை எழுதுவோருக்கு எட்டவில்லை. 1306ஆம் ஆண்டளவில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டோ இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டுப் பாடும் கடல் செய்கிற வேலையாக இது தோன்றவில்லை.

கூதிர்கால விருந்தினரின் தலையாய தொழில் 'கடல் காட்டுதல்' ஆகும். கடலுக்கு வந்த ஒருவர், அக்கடலுக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியை முகத்துக்கு நேரே உயர்த்தி, கடலுக்கு வராத உறவினர் ஒருவருக்கு வீடியோ கால் வழியே அதைக் காண்பிப்பதை இச்சொல் குறிக்கும். சென்ற சனிக்கிழமை மாலை டேனிஷ் கோட்டையை ஒட்டிய மணலில் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை கடல் காட்டப்பட்டதை இக்கட்டுரையாசிரியர் எண்ணினார்; அந்தக் கூச்சலால் வந்த காதுவலி இதை எழுதும் வேளையிலும் நீங்கவில்லை. இச்சடங்கு "அக்கா, கடல் தெரியுதா?" என்ற வினாவில் தொடங்குகிறது. "உன் மூஞ்சிதான் தெரியுது, கேமராவத் திருப்பு" என்று விடை வருகிறது. திருப்பப்பட்ட கேமரா முதலில் மணலையும், பின்னர் ஒரு நாயையும், அதன்பின் சுண்டல் வண்டியையும் காட்டி, கடலை நெருங்கும் தறுவாயில் படம் உறைந்துவிடுகிறது. உறைந்த திரையில் அக்காவின் பாதி நெற்றியும் அவர் வீட்டு மின்விசிறியும் நிலைத்து நிற்க, "டவர் இல்ல, டவர் இல்ல" என்று கூவியபடி காட்டுநர் நீர்விளிம்பை விட்டுச் சாலை நோக்கி நடக்கிறார். டவர் கிடைக்கும் இடத்தில் கடல் கிடைப்பதில்லை. எனினும் காட்டுதல் நிற்பதில்லை. கைப்பேசி மறுமுனையில் அத்தானிடமும், அத்தானிடமிருந்து பெரியம்மாவிடமும் கைமாறுகிறது, ஒவ்வொருவருக்கும் கடல் முதலிலிருந்து காட்டப்படுகிறது, பெரியம்மா கடலை விட்டுவிட்டுக் காட்டுநரின் தலையைப் பார்த்து ஈரத்தோடு நிற்கலாமா என்று கடிந்துகொள்கிறார்.

இதில் ஒலியின் நிலை தனியே கருதத்தக்கது. பேச்சு அல்லாத தொடர் ஓசையை இரைச்சல் எனக் கொண்டு அடக்கிவிடும் ஏற்பாடு இன்றைய கைப்பேசிகளில் உண்டு, ஆதலால் "கேக்குதா? அலைச் சத்தம் கேக்குதா?" என்று அலறுபவரின் குரல் பழுதின்றி மறுமுனையை அடைகிறது, அலை மட்டும் இரைச்சலாகக் கருதப்பட்டு நீக்கப்படுகிறது. இன்னும் வியப்பானது காண்போரின் முகவரி. பதினொரு அழைப்புகளில் நான்கு பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய இடங்களுக்குச் சென்றன என்பது உரையாடல்களிலிருந்து தெரியவந்தது (ஒட்டுக்கேட்டதாகக் கொள்ள வேண்டாம், கேட்காமல் இருக்க வழியே இல்லை). தெருமுனைக்கு நடந்தால் வங்கக் கடலைப் பார்க்கக்கூடியவர்களுக்கு, 250 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து, அதே வங்கக் கடல், டவர் கிடைத்த அளவுக்குக் காட்டப்படுகிறது.

விடைக்குச் செல்லுமுன் வரலாற்றையும் தொட்டுச் செல்வது முறை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்ட டேனியர் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டனர். இடையில் 1706இல் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகமும் நிறுவிய பாதிரியார் சீகன்பால்கு, டேனிஷ் ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி நான்கு மாதங்கள் இக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். தொடங்கிய பருவம் கூதிர், இடம் கடலோரம், எவரும் எவருக்கும் எதையும் காட்டவில்லை. தரங்கம்பாடியில் முழு அமைதி வாய்க்கப்பெற்ற விருந்தினர் என்று சான்றுடன் கூறத்தக்கவர் இவர் ஒருவரே.

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால்தான் மறையும் என்பதைத் திரைப்படப் பாடல் காட்சிகளில் வளர்ந்த தலைமுறைக்கு எடுத்துரைப்பதில் பயன் இல்லை. ஆறு மணிவரை கிழக்கே பார்த்துக் காத்திருந்து, மேகம் மறைத்துவிட்டதாகக் குறைப்பட்டு எழுந்து செல்கின்றனர். கப்பல்களுக்கு வானிலையை உணர்த்தத் துறைமுகத்தில் ஏற்றும் அடையாளமாகிய புயல் எச்சரிக்கைக் கூண்டு உயரும் நாளில் மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிவிட்டு வீடு திரும்புகின்றனர். விடுதியிலிருப்போர் "இன்னிக்கு அலை சூப்பரா இருக்கும்" என்று எதிர்த்திசையில் புறப்படுகின்றனர்.

நேர்மை கருதி ஒரு செய்தியையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. அந்தச் சனிக்கிழமை இரவு மழையில் மின்சாரம் நின்று, விடுதியில் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஓய்ந்து, கடலோசை தவிர வேறெதுவும் இல்லாத நிலை ஏற்பட்டபோது, இக்கட்டுரையாசிரியர் அதை ஏழெட்டு நிமிடங்கள் தாங்கினார். பிறகு கைப்பேசியுடன் மாடிக்குச் சென்று, இருட்டில் கடல் இருப்பதாக நம்பப்படும் திசைக்குக் கேமராவைத் திருப்பி, திருவான்மியூரில் உள்ள தமக்கையை அழைத்தார்.

"இருடா, பால்கனிக் கதவைச் சாத்திட்டு வரேன்," என்றார் தமக்கையார். "இங்க அலைச் சத்தத்துல நீ பேசுறது ஒண்ணும் கேக்கல."