எட்டு ஜிபி ஏழையின் விண்ணப்பம்

மேன்மை தங்கிய கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் கார்டை வாங்கும் பேறு பெற்றவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

போன ஞாயிறு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, 2002இல் ஹாஸ்டலில் விடிய விடிய ஆடிய கார் பந்தயத்தைத் திறந்தேன். ‘வீடியோ மெமரி போதாது, குறைந்தது 32 எம்பி தேவை’ என்றது திரை. தங்கள் கார்டில் இருப்பது 8 ஜிபி. “கடைக்காரன் ஏமாத்திட்டானாப்பா?” என்றாள் மகள்.

தங்களுக்கு எழுதினேன். உடனே அருள்வாக்கு வந்தது: டிரைவரை அப்டேட் செய்யவும். செய்தேன். அதே 32 எம்பி. படத்தோடு விவரமாக எழுதினேன். டிரைவரை அப்டேட் செய்யவும். அன்று மாலை வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை. டிரைவரை அப்டேட் செய்தேன். மாமனார் மூட்டுவலி என்றார். அவருக்கும் அதையே சொன்னேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை.

நோய் தங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்து விளையாட்டுகள் சில, கார்டின் மெமரியை பைட் கணக்கில், மைனஸுக்கும் இடம் விட்ட 32 பிட் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். 2 ஜிபியைத் தொட்டால் கணக்கு மைனஸில் விழும். சரியாக 8 ஜிபி என்றால் பூஜ்யம்! எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு 64 எம்பி கார்டு வைத்திருந்தவனே மிராசுதார்.

ஆனால் பழைய விளையாட்டுக்கு மட்டும் மெமரியைக் குறைத்துச் சொல்ல, டிரைவரில் ஒரு டிக் பெட்டி வைக்க உங்களுக்கு என்ன கேடு? டிஜிவூடூ என்றொரு மென்பொருளைத் தனி ஆள் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார். அதிலிருந்து டி3டி8 என்ற டிஎல்எல் கோப்பை எடுத்து விளையாட்டின் ஃபோல்டரில் போட்டு, மெமரி 256 எம்பிதான் என்று பொய் சொல்லவைத்தேன். ஓடியது. சம்பளம் வாங்கும் உங்களில் ஒருவருக்குக்கூடவா இது தெரியாது? கேள்வியைப் படிக்காமலே பதில் அனுப்புவதற்கு ஒரு பிரிவு எதற்கு?

நா தடித்துவிட்டது, பொறுத்தருள்க. டிரைவரை அப்டேட் செய்துகொண்டு தொடர்கிறேன்.

‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று நேற்று மூடிவிட்டு, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்து எழுதுபவருக்காவது அந்த மென்பொருளின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஐந்தையும் தருகிறேன்.

இப்படிக்கு,
பூஜ்யம் எம்பி உடையான்