செவ்வாய்க்குப் பெயர் வைத்தது யார்?

கேள்வி: சூரியனை ஒட்டியுள்ள நான்கு கோள்கள் மட்டும் பாறையாக இருப்பது ஏன்?

பதில்: அடுப்படியில் ஐஸ்கட்டி நிற்காது என்பதால்தான். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், இளம் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுப் போலச் சுழன்றுகொண்டிருந்தன. அருகில் இருந்த சூட்டில் நீர், மீத்தேன், அம்மோனியா எதுவும் உறையவில்லை. இரும்பும் சிலிக்கேட்டும்தான் திரண்டன. அவற்றில் உருவானவை புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். தள்ளியிருந்த வியாழனும் சனியும் பனிக்கட்டியையும் சேர்த்துப் பருத்து, வாயுவை இழுத்துப் போர்த்திக்கொண்டன.

கேள்வி: புதனை ரோமானியர்கள் மெர்க்குரி என்றது எதனால்?

பதில்: ஓட்டத்தைப் பார்த்து! மெர்க்குரி அவர்களுடைய தெய்வங்களின் தூதுவன், வணிகர்களின் காவலன். புதனும் 88 நாளில் சூரியனை ஒரு சுற்று சுற்றிவிடும். அந்தியிலோ விடியலிலோ சில நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். பாபிலோனியர்கள் அதை எழுத்துக்குரிய தெய்வமான நபூவுக்குக் கொடுத்தார்கள். நம் புராணத்தில் புதன், சந்திரனுக்கும் தாரைக்கும் பிறந்த மகன். பெயரிலேயே அறிவு இருக்கிறது. தமிழ் நிகண்டு அவனை 'அறிவன்' என்றே சொல்கிறது. ஒரு கூட்டம் காலைப் பார்த்தது. இன்னொரு கூட்டம் தலையைப் பார்த்தது.

கேள்வி: வெள்ளிக்குக் காதல் தெய்வத்தின் பெயர் பொருந்துமா?

பதில்: இங்கிருந்து பார்த்தால் பொருந்தும். சூரியன், சந்திரனுக்கு அடுத்தபடி வானில் பிரகாசமானது அதுதான். பாபிலோனில் இஷ்தார், கிரேக்கத்தில் அஃப்ரோடைட், ரோமில் வீனஸ் என்று எல்லாரும் அழகுக்கும் காதலுக்கும் உரிய தெய்வத்தையே அங்கே ஏற்றினார்கள். பாபிலோனியர்கள் 21 ஆண்டுகளுக்கு வெள்ளி தோன்றியதையும் மறைந்ததையும் களிமண் பலகையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புவது கந்தக அமில மேகம். அதற்குக் கீழே சுமார் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம், பூமியைப் போல 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம். 1982இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா-13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய சாதனை. நம் முன்னோர் வைத்த 'வெள்ளி' நிறத்தோடு நின்றுகொண்டது. அதனால் இன்றைக்கும் பொய்க்கவில்லை. அதன் திசையை மழைக்குறியாகவும் அவர்கள் பார்த்தார்கள். அது தெற்கே போய் மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்றுதான் பட்டினப்பாலை தொடங்குகிறது.

கேள்வி: செவ்வாயை ஏன் எல்லா நாட்டிலும் சண்டைக்காரன் ஆக்கினார்கள்?

பதில்: எல்லா நாட்டிலும் இல்லை. பாபிலோனில் போருக்கும் கொள்ளைநோய்க்கும் உரிய நெர்கல், கிரேக்கத்தில் ஏரிஸ், ரோமில் மார்ஸ்: இவர்களுக்கு அந்தச் சிவப்பு ரத்தமாகத் தெரிந்தது. சீனர்களுக்கு அது நெருப்பு விண்மீன். வடமொழியில் அங்காரகன், அதாவது தணல். எகிப்தியரும் தமிழரும் சிவப்பை வைத்தே பெயரிட்டார்கள். உண்மையில் அது துரு. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடின் நிறம்.

1877இல் அமெரிக்க வானியலாளர் ஆசஃப் ஹால் அதன் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஹென்றி மேடன் சொன்னபடி, ஏரிஸின் பிள்ளைகளான ஃபோபோஸ், டெய்மோஸ் பெயர்களே அவற்றுக்கு வந்தன. பொருள்: அச்சம், பீதி. 1930இல் புளூட்டோவுக்குப் பெயர் சொன்ன 11 வயதுச் சிறுமி வெனீஷியா பர்னி, இந்த மேடனின் தம்பி பேத்தி!

கேள்வி: செவ்வாய், புதன், வெள்ளி என்ற கிழமை வரிசை பிரெஞ்சிலும் அப்படியே இருக்கிறதே, எப்படி?

பதில்: மார்தி, மெர்க்ரெதி, வாந்த்ரெதி. எல்லாம் ஒரே கணக்கு. சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று மெதுவாக நகர்வதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தி, மணிக்கு ஒன்றாகப் பொறுப்புக் கொடுத்தார்கள். நாளின் முதல் மணிக்கு உரியதே அந்த நாளுக்குப் பெயர். 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே சனிக்கு மூன்றாம் இடம் தள்ளி ஞாயிறு, அதிலிருந்து மூன்று தள்ளி திங்கள், பிறகு செவ்வாய். எண்ணிப் பாருங்கள், வாரம் முழுக்கச் சரியாக வரும். பஞ்சாங்கத்தில் உள்ள ஓரை, கிரேக்கச் சொல்லான 'ஹோரா'வின் உறவுதான்.

கேள்வி: பூமிக்கு மட்டும் ரோமானியத் தெய்வத்தின் பெயர் ஏன் இல்லை?

பதில்: நிற்கிற இடத்தை யாரும் வானத்தில் தேடவில்லை. 'எர்த்' என்பது மண்ணைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். நம் நவக்கிரகத்திலும் ஞாயிறும் திங்களும் ராகுவும் கேதுவும் உண்டு, பூமி கிடையாது. 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் வந்த பிறகுதான் நம் வீடும் கோள்களில் ஒன்று என்ற எண்ணம் வேரூன்றத் தொடங்கியது.

கேள்வி: அந்தக் கோள்களில் தமிழ் மண்ணின் பெயர் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, பெருமையாகவே உண்டு. பெயர்களை முடிவு செய்வது பன்னாட்டு வானியல் ஒன்றியம். புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பெயர் என்பது விதி. அங்கே பீத்தோவனும் டால்ஸ்டாயும் காளிதாசனும் இருக்கிறார்கள். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரும் இருக்கிறார். வெள்ளியில் பெண்களுக்கே இடம். சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் நம் ஔவையார் பெயரில் இருக்கிறது. விதி வருவதற்கு முன்பே பெயர் பெற்ற ஒரே ஆண், இயற்பியலாளர் மேக்ஸ்வெல். அவர் பெயர் தாங்கிய மலையின் உயரம் சுமார் 11 கிலோமீட்டர்.

கேள்வி: இந்தக் கோள்களையெல்லாம் வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. பெயர் வைத்தவர்களிடம் தொலைநோக்கியா இருந்தது? சூரியன் மறைந்ததும் மேற்கிலோ, விடியும் முன் கிழக்கிலோ கண்சிமிட்டாமல் வெள்ளையாக ஒளிர்ந்தால் வெள்ளி. அதே திசையில் அடிவானத்தை ஒட்டிச் சிறிதாகத் தெரிவது புதன். சிமிட்டாத செம்புள்ளி செவ்வாய். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை நன்றாகப் பிரகாசிக்கும். குழந்தைகளுக்குக் கோள்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கும் முன், ஒருநாள் மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் நேரில் காட்டுங்கள்.