தேத்தண்ணி ஆறியும் திறக்காத கொம்பியூட்டர்

கேள்வி: கொம்பியூட்டரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சாலும் அது எழும்புதில்லை. புதுசு வாங்கத்தான் வேணுமோ?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வேண்டாம் தங்கச்சி, காசை இறுக்கிப் பிடியுங்கோ! கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பாருங்கோ. கொம்பியூட்டரைப் போட்டதும், கனடா அண்ணாவோடு கதைக்கப் போட்ட ஸூம் முதல் எல்லாமே நல்லூர்த் தேரில் வடம்பிடிக்க வந்த சனம்போல முண்டியடிக்கும். தேவையில்லாததை 'டிஸேபிள்' செய்யுங்கோ. அழியாது, நீங்கள் திறந்தால் வரும். வைரஸ் காவலை மட்டும் தொடாதேங்கோ.

பிறகும் மந்தமென்றால் பழைய ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்கலாம். மடிக்கணினிகளில் அதன் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தரம் சுழலும். ஒவ்வொரு கோப்பையும் தேடித்தேடி எடுக்கும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதைப் போடுவியுங்கோ, முதலில் பிள்ளைகளின் படங்களைப் பிரதியெடுத்து வையுங்கோ.