மார்கழி முதல் தேதிக் கோலக்காரர்

தமிழகத்து நகரங்களில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் தோன்றிப் பொங்கலுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும் ஓர் இனத்தாரை மார்கழி முதல் தேதிக் கோலக்காரர் என்று வகைப்படுத்தலாம். மற்றப் பதினொரு மாதங்களும் வாசற்படியில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலத்தோடு நிறைவடைந்திருக்கும் இவர், மார்கழி பிறக்கும் முன்பே கோலமாவும் கலர்ப்பொடியும் வாங்கிக் குவித்து, வார இதழ்களின் இலவச இணைப்புகளைப் பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் கோலங்களை வரைந்துகொள்வதோடு, ஒவ்வொன்றின் கீழும் புள்ளிக் கணக்கைச் சிவப்பு மையில் எழுதியும் வைக்கிறார். நோட்டில் இவருடைய கோலம் பழுதின்றி அமைவதற்கு, புள்ளியைக் கட்டமே காட்டிக்கொடுத்துவிடுவதும் கையருகே ரப்பர் இருப்பதும் காரணங்களாகும்.

புள்ளிக் கணக்கு என்பது கோலத்தின் அளவையும் அமைப்பையும் ஒரே வரியில் சொல்லிவிடும் குறிப்பு. ‘7 புள்ளி 4 வரை, இடுக்குப்புள்ளி’ என்று இருந்தால், நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 4இல் நிறுத்த வேண்டும் என்றும், ஒவ்வொரு புள்ளியும் அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே விழ வேண்டும் என்றும் பொருள். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வருவது நேர்ப்புள்ளி எனப்படும். முன் சொன்ன கோலத்துக்கு மொத்தம் 37 புள்ளிகளே வேண்டும் என்பதால் தொடங்குபவருக்கு அது ஏற்றது; ஆனால், தெருவே பார்க்கும் முதல் நாளில் 7 புள்ளி வைப்பது தம் குடும்பத்தின் தகுதிக்குக் குறைவு என்று கருதும் இவர், 21 புள்ளி 11 வரை உள்ள தாமரைக் கோலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்று மடங்குக் கோலம் என்பது இவருடைய கணக்கு. புள்ளிகளோ 331, அதாவது ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

கை பழகியவர்கள் நடுவரிசையை முதலில் வைப்பார்கள். அதுவே மிக நீண்டது ஆகையால், அது வாசலில் அடங்கினால் மற்றவையும் அடங்கிவிடும். இவரோ நோட்டில் எழுதிய பழக்கத்தில் மேல்வரிசையிலிருந்து இறங்கி வந்து, நடுவரிசையின் பதினேழாம் புள்ளிக்கு உரிய இடத்தில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் ஸ்டாண்டு ஊன்றியிருப்பதைக் காண்கிறார். எஞ்சிய புள்ளிகளை நெருக்கி வைத்துச் சமாளித்ததன் விளைவாக, தாமரையின் வலப்புறம் மட்டும் வாடிப்போகிறது.

மாவு விடுவது தனிக் கலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடித்து, விரல்களை லேசாக உருட்டிக்கொண்டே கையை நகர்த்தினால் இழை ஒரே சீராக விழும். இவர் மூன்று விரல்களாலும் அள்ளி, ரசத்துக்கு உப்புப் போடுவதைப் போல் தூவுகிறார். தெளித்த தண்ணீர் சற்று வற்றும்வரை பொறுக்காததால் மாவு ஈரத்தில் ஊறிக் கண்ணுக்குத் தெரியாமல் போக, போட்ட கோட்டின் மேலேயே மீண்டும் போட்டு, தரை காய்ந்த பிறகு இரட்டைக் கம்பியாகத் தெரிவதை வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று விளக்குகிறார். பால் வாங்கப் போகும் எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், “கோலம் நல்லாத்தான் இருக்கு, எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்மா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இவருடைய வாழ்வின் பெரும் சோதனை சிக்குக் கோலம். புள்ளிகளை இணைக்காமல் அவற்றைச் சுற்றிக் கம்பி வளைந்து பின்னிச் செல்லும் இவ்வகையில் எந்தப் புள்ளியும் வெளியே நிற்கக் கூடாது, எந்தக் கம்பியும் முடியாமல் தொங்கக் கூடாது. சிக்கு என்றால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடிய வேண்டும் என்று எங்கோ கேட்டுவைத்த இவர், நான்குக்கு நான்கு நேர்ப்புள்ளியில் தொடங்கிய இடத்துக்கே கம்பி சீக்கிரம் திரும்பி வந்துவிட, புள்ளிகள் பல மீந்து நிற்பதைக் கண்டு மூன்று முறை அழிக்கிறார். பிழை இவருடையது அன்று. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே எங்கும் கம்பிகள் குறுக்கிட்டுப் பின்னும் எளிய அமைப்பில், எத்தனை கம்பிகள் வேண்டும் என்பதை நெடுக்கிலும் குறுக்கிலும் உள்ள புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தியே முடிவு செய்கிறது. நான்குக்கு நான்கில் நான்கு கம்பிகள் வேண்டும், நான்குக்கு மூன்றில் ஒன்றே போதும். பள்ளியில் மீ.பொ.வ. கணக்கைத் தேர்வோடு மறந்தவர்களை அது வாசலில் வந்து மறிக்கும் இடம் இது ஒன்றுதான் போலும்.

கோலத்துக்குள் கணக்கு இருப்பது ஆய்வாளர்கள் அறிந்ததே. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரை, சிறு குறிகளை விதிப்படி மாற்றிப் பெரிய வடிவத்தை வளர்க்கும் இலக்கண முறையைக் கோலத்துக்குப் பொருத்திக் காட்டியது. இச்செய்தி காதில் விழுந்தது முதல், தாம் செய்வது கணினி அறிவியல் என்று வீட்டில் அறிவித்துவரும் இவருக்கு, “அப்போ லேப்டாப்பையே போடச் சொல்லேம்மா” என்னும் மறுமொழியே மகனிடமிருந்து கிடைக்கிறது.

பத்தாம் தேதிவாக்கில் குளிர் ஏற ஏறப் புள்ளி இறங்குகிறது. 21 என்பது 11 ஆகி, 7 ஆகி, வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்த மறுநாள் 3 ஆகிறது. விந்தை என்னவென்றால், சோம்பலால் சிறிதாகிவிட்ட அந்தக் கோலங்களில்தான் இவருடைய இழை முதன்முதலாக நேராக விழுகிறது. ஒரே ஐந்து புள்ளி நட்சத்திரத்தைத் தொடர்ந்து பல நாள் போட்டதில், நோட்டைப் பார்க்காமலும் கை தானே போகத் தொடங்குகிறது. இதை இவர் முன்னேற்றமாகக் கருதுவதில்லை என்பதால் யாரிடமும் சொல்வதும் இல்லை.

தை பிறந்ததும் மீந்த கலர்ப்பொடி பரணுக்கு ஏறிவிடுகிறது. ஆனால் பயிற்சி இன்னொரு வழியில் பயன்தரத் தொடங்குகிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது வீட்டுக்கு வீடு நடை தளர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து கோலத்தை நோக்கிவிட்டு, “மூணாவது வரிசையில ஒரு புள்ளி வெளியில நிக்குது பாருங்க” என்று வீட்டுக்காரரை அழைத்துச் சொல்லுமளவுக்கு இவர் தேறிவிடுகிறார்.