பீரோவில் பூட்டிய மந்திரம்

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008இல் வந்தபோது, தாக்கும் வித்தைகளை மூன்று ரகமாகப் பிரித்தது: நினைத்தபோதெல்லாம், சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதுதான் வினை. பீரோவில் கிடக்கும் கல்யாணப் பட்டு மாதிரி, பலர் அதை எடுப்பதே இல்லை. பூதம் செத்து, எல்லோரும் படுத்த பிறகுதான் ஞாபகம் வரும்.

சிறப்பு வித்தை எதுவும் சேராத வெறும் வெட்டு என்றால் ஆடுபவர்களுக்கு இளக்காரம்.

ஆனால் ஓடிப்போய்ப் பாயவும், பக்கத்திலிருந்து நழுவும் எதிரியை மடக்கி அடிக்கவும் பொதுவிதி கொடுத்தது அந்த வெட்டைத்தான். கைகலப்பில் அதற்கு உடல்பலம் வேண்டும். பலம் 8 மட்டுமே உள்ள மந்திரவாதி தடியால் அடித்தால், கோப்ளினுக்கு முதுகு சொறிந்த சுகம் (பட்டால்தானே அதுவும்!).

2010இல் அதே பதிப்புக்கான ‘எசென்ஷியல்ஸ்’ நூல்களில் வந்த ‘ஸ்லேயர்’ வீரனுக்கு நாளுக்கொரு தாக்குதல் வித்தையே கிடையாது. வெட்டுவான், மறுபடி வெட்டுவான். பீரோ சாவியைத் தேடும் வேலை அவனுக்கு இல்லை.