நள்ளிரவு உஷ்ண நிர்ணயம்

களவு, கொலை, பொய் முதலிய மகாபாதகங்களை விசாரித்தே உலகத்து நீதி நூல்கள் யாவும் களைத்துப்போயிருக்க, ஒரு கோப்பைத் தேநீர் இரவில் எந்த நாழிகைக்குப் பின், எந்த அளவு சூட்டில், யார் கையால் வழங்கப்படும்போது குற்றமாக மாறுகிறது என்னும் சூட்சுமமான பிரச்னையை எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஓர் அட்டவணை வகுத்துத் தீர்ப்புக் கூறிய பெருமை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழங்கும் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்துக்கே உரியதாகும். 1860-இலும் 1969-இலும் பிறந்த பூர்வாசாரியச் சட்டங்கள் இத்துறையில் அதற்கு முன்னரே உழைத்திருக்கின்றன எனினும், அவற்றை வணங்கிவிட்டு மேலே செல்வோம்.

மூல சூத்திரம் சுருக்கமானது. இரவு 11 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை பொதுமக்களுக்குச் சூடான உணவோ சூடான பானமோ விற்போர் உள்ளூர்க் கவுன்சிலின் உரிமம் பெறவேண்டும். மதுக்கடையினின்று வெளியேறும் ஜனங்கள் கபாப் கடை வாயிலில் திரண்டு கலகம் விளைக்கிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் லௌகிக காரணம். ஆயினும் அதே ஜனங்கள் பக்கத்துக் கடையில் குளிர்ந்த சாண்ட்விச்சுக்காகத் திரண்டால் சூத்திரம் மௌனம் சாதிப்பதால், கலகத்தின் வித்து கூட்டத்தில் இல்லை, உஷ்ணத்திலேயே இருக்கிறது என்று கொள்வதே தர்க்கத்துக்குப் பொருந்தும்.

உஷ்ணமாவது யாது? சுற்றியுள்ள காற்றைவிட அதிகச் சூட்டில் உண்ணப்பட வேண்டும் என்ற நோக்கத்துடன் சூடாக்கப்பட்டு, வழங்கும் வேளையிலும் அக்காற்றைவிடச் சூடாக இருப்பது என்பது முதல் இலக்கணம். அக்காற்று கடைக்குள் உள்ளதா, தெருவில் உள்ளதா என்று சட்டம் விளக்காதபடியால், ஆறிப்போன ஒரு சமோசா ஜூலை மாதத்தில் நிரபராதியாகவும் ஜனவரி மாதத்தில் குற்றவாளியாகவும் ஆகக்கூடும் என்னும் ரசமான விவாதத்துக்கு இடம் ஏற்படுகிறது. இரண்டாம் இலக்கணமோ இதனினும் ஆழமானது. விற்கும்போது பனிக்கட்டிபோல் குளிர்ந்திருப்பினும், விற்ற பின் அக்கடையிலேயே சூடாக்கிக்கொள்ள வசதி இருக்குமாயின், அப்பண்டமும் சூடானதேயாம். காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் உள்ளது என்று சைவ சித்தாந்திகள் பல நூற்றாண்டுகளாக வாதாடி நிலைநாட்டிய சற்காரிய வாதத்தை, லண்டன் நகரத்துப் பாராளுமன்றம் ஒரு மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை நம் மடாலயங்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி விதிவிலக்குகள். இலவசமாக வழங்கும் உஷ்ணம் தோஷமற்றது. பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனம் வழங்குவதும் அவ்வாறே. விடுதியில் அன்றிரவு தங்குகிறவருக்குச் சூப் கொடுக்கலாம். தங்காதவருக்கு விற்பதாயின் உரிமம் வேண்டும். வாங்குபவரே காசு போட்டு, ஊழியர் கைபடாமல் இயந்திரத்தினின்று பெறும் காப்பிக்குத் தடை இல்லை. அதே காப்பியை ஒரு மனிதர் புன்னகையுடன் நீட்டினால் விசாரணைக்கு உரியதாகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் விற்பது குற்றம், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குள் விற்பது குற்றமன்று என்ற விதியைப் படிக்குங்கால், கொதிக்கும் எண்ணெயையும் ஓடும் சக்கரத்தையும் ஒருங்கே எண்ணி என் போன்ற கோழைகளுக்கு உடல் நடுங்குகிறது.

உரிமம் வேண்டுவோர், எழுத்துக்களின் அளவு 16-க்குக் குறையாதபடி வெளிர் நீலத் தாளில் ஓர் அறிவிப்பை எழுதிக் கடை வாயிலில் 28 நாள் தொங்கவிட வேண்டும். நீலம் ஏன் என்பதற்குப் பாஷ்யம் எதுவும் காணோம். சூட்டைத் தணிக்கும் நிறம் என்று ஊகிக்கலாம். அந்நாட்களில் அண்டை வீட்டார் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வந்தால் கவுன்சிலர்கள் கூடி விசாரிப்பார்கள். குற்றத் தடுப்பு, பொதுஜனப் பாதுகாப்பு, தொல்லைத் தடுப்பு, குழந்தைகளைத் தீங்கினின்று காத்தல் என்னும் நான்கு புருஷார்த்தங்களுக்கு உட்பட்டே அவர்கள் தீர்மானிக்க இயலும். கறி ருசியற்றது என்பது ஆட்சேபமாகாது. டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் ஈழத் தமிழர் நடத்தும் கடைகளில் கொத்து ரொட்டிக்கு இரு தகடுகள் இரும்புக் கல்லில் எழுப்பும் தாளம் மூன்றாம் புருஷார்த்தத்தோடு மோதக்கூடியது என்பதையும், கேட்டவர் ஒப்புவர்.

உரிமமின்றி விற்றவருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, உச்சவரம்பற்ற அபராதமோ, இரண்டுமோ கிட்டலாம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், ஒரு வட்டாரத்தையோ ஒருவகைக் கடையையோ சில மணி நேரத்தையோ உரிமத் தேவையினின்று விலக்கிவைக்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு வந்துவிட்டதால், ஒரு கவுன்சிலின் எல்லையில் கலகமூட்டும் தேநீர் அடுத்த எல்லையில் சாந்த மூர்த்தியாக விளங்கவும் வழி ஏற்பட்டிருக்கிறது.

ஆகவே, லண்டனில் நள்ளிரவுக் கடை வைக்க விரும்பும் தமிழன்பர்கள் பழையசோறும் மோரும் வெங்காயமும் விற்பதே உத்தமம். மைக்ரோவேவை மட்டும் கடைக்குள் அனுமதியாதீர்கள். அவ்வாறு நடத்தும் கடைக்கு இந்த உரிமம் தேவையில்லை. உணவுத் தொழில் என்று கவுன்சிலில் பதிவு செய்வது மட்டும், கடை திறப்பதற்கு 28 நாள் முன்னதாக அவசியம். அதற்குக் கட்டணம் கிடையாது.