அறுபதாயிரத்த ஒடச்சிப் பாரு, மருமகன்

கொழும்பில வேல கெடச்சிட்டாம், சம்பளம் 60,000 எண்டு மருதமுனையில இரிந்து நிந்தவூர் வரைக்கும் ஒன்ட உம்மா சொல்லி முடிச்சிட்டா. அல்ஹம்துலில்லாஹ். நியமனக் கடிதத்த வாசிச்சியா எண்டு கேட்டா, "நாளைக்குக் கையெழுத்து வெச்சிக் குடுக்கணும் மாமா, நேரமில்ல" எண்டுறாய். ஒன்ட ராத்தாக்கு மாப்பிளை பேசக்குள்ள அந்த வீட்டார் மூணு தரம் வந்தாங்க. கூரை ஓடா சீற்றா, வளவு ஆர்ர பேரில, கக்கூசு எத்தின எண்டு எண்ணிட்டுப் போனாங்க. அதில கால்வாசிக் கவனம் ஒனக்கு இரிந்தாப் போதும்.

முதல்ல அந்த 60,000த்த ஒட. அடிப்படைச் சம்பளம் 30,000 எண்டு போட்டிரிக்கும். மிச்சமெல்லாம் போக்குவரத்து, ஊக்குவிப்பு எண்டு பலபேரில வரும். ஈ.பி.எஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஒன்ட சம்பளத்தில 8 வீதம் பிடிப்பாங்க, முதலாளி 12 வீதம் போடணும், ஈ.டீ.எஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 60,000க்கு 12 வீதமெண்டா 7,200 ரூவா. 30,000க்கு 3,600 தான். வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் கணக்கில சேரணும் எண்டு சட்டம் சொல்லுது. அதனாலதான் முதலாளி படிக்கு வேற வேற பேர் வெக்கிறாரு. மாசாமாசம் 3,600 மிச்சம் பிடிக்கிறாரு, நீ அவர்ட ஏசி அறையப் பாத்து வாய் பொளந்து நிக்கிறாய்! அஞ்சு வரிசம் முடிஞ்சா வாற பணிக்கொடையிலயும், வரிசத்துக்கு அரை மாசச் சம்பளம் எண்டா, இந்த அடிப்படைதான் பேசும்.

மறுகா, வெளிய வாற வழி. ரெண்டு வரிசத்துக்கு முதல் போனா பயிற்சிச் செலவக் கட்டணுமாம். என்ன பயிற்சி, போட்டோக்கொப்பி மெசினுக்குப் பேப்பர் வெக்கிறதா? நீ போறதெண்டா மூணு மாச நோட்டீஸ், முதலாளி அனுப்புறதெண்டா ஒரு மாசம். இதக் கேட்டா, "வழமையான நிபந்தனைதான் தம்பி" எண்டு சிரிப்பாங்க. சிரிச்சா நீயும் சிரி, ஆனா பேனையத் தொறக்காத.

"முகாமையாளர் பணிக்கும் ஏனைய கடமைகள்" எண்டும் ஒரு வரி இரிக்கும். முதலாளிட மகன டியூசனால ஏத்திட்டு வாறதும் அதுக்குள்ளதான். ஆனா சட்டப்படி கந்தோர் வேலைக்கு ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. மேல போனா ஒண்டரை மடங்கு சம்பளம்.

வெளிநாட்டுக்குப் போறவன்ட கதை இன்னும் நல்லம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பீரோவில பதிஞ்ச தாள்ல ஒரு சம்பளம், அங்க எறங்கினா அரபியில இன்னொரு தாள். குர்ஆன் ஓதின நமக்கு அத வாசிக்கவும் தெரியும், விளங்கத்தான் மாட்டாது. "நம்மட ஊர் ஹாஜியார்ட ஏஜென்சி, தாள் என்னத்துக்கு?" எண்டு ஆராச்சும் சொன்னா, பகரா சூறாட 282ஆம் ஆயத்த ஓதிக் காட்டு. குர்ஆனில ஆக நீளமான ஆயத்து அதுதான். கடன் குடுத்து வாங்கினா எழுதி, சாட்சியும் வைங்க எண்டு சொல்லுற ஆயத்து.

நியமனக் கடிதம் தாறது முதலாளிட தயவில்ல, மருமகன். 1954ஆம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி அது அவர்ட கடமை. வெக்கப்படாம ஒரு நாள் தவணை கேளு, வாசி, கையெழுத்து வெச்சதும் கொப்பி ஒண்டயும் கேட்டு வாங்கு.